துளி வடிவம் ஏன் தோற்றது?

1979ஆம் ஆண்டில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் காற்றுச் சுரங்கத்துக்குள் மிகப் பழைய கார் ஒன்றை நிறுத்திச் சோதித்தார்கள். வியன்னாவில் பிறந்த எட்மண்ட் ரும்ப்ளர், 1921இல் பெர்லின் மோட்டார் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய ‘ட்ராப்ஃபன்வாகன்’ அது. ஜெர்மன் மொழியில் அந்தப் பெயருக்குத் துளிக் கார் என்று பொருள். மேலிருந்து பார்த்தால் முன்பக்கம் உருண்டும் பின்பக்கம் ஒடுங்கியும் நீர்த்துளிபோல் இருக்கும். சோதனையில் கிடைத்த இழுவைக் குணகம் 0.28. ஒரு வடிவம் காற்றில் எவ்வளவு தடைபடுகிறது என்பதைச் சொல்லும் எண் இது. சிறிதாக இருந்தால் நல்லது. அந்த ஆண்டில் விற்பனையில் இருந்த புதிய கார்கள் பலவற்றுக்கு இது 0.4ஐத் தாண்டியிருந்தது.

அரை நூற்றாண்டுக்கு முன்பே கையில் இருந்த ஒன்றை உலகம் ஏன் கைவிட்டது? கார் வரலாற்றில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளில் இதுவும் ஒன்று. ‘காலத்தை முந்திய படைப்பு’ என்பது வழக்கமான பதில். அது பாராட்டே தவிர விளக்கம் அல்ல. எந்தக் காலம், எதில் முந்தியது, பின்னால் வந்தவர்கள் எங்கே நின்றுவிட்டார்கள் என்பதை அது சொல்வதில்லை. விளக்கம் என்று சொல்லத்தக்க பதில்கள் வேறு சில உண்டு. அவை எங்கிருந்து வந்தன, எங்கே வலுவிழக்கின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

விநோதமும் விடையும்

20ஆம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் கார் என்றால் இப்படித்தான் இருக்கும் என்ற முடிவு முழுதாக உறுதிப்பட்டிருக்கவில்லை. அதனால் இன்று விநோதமாகத் தெரியும் வண்டிகள் ஏராளம். 1910இல் இங்கிலாந்தின் லோஸ்டாஃப்ட் நகரில் புரூக் நிறுவனம் கட்டி, கல்கத்தாவில் வாழ்ந்த ஓர் ஆங்கிலேயருக்கு அனுப்பிய அன்னக் கார் அவற்றில் புகழ்பெற்றது. அதன் அலகிலிருந்து வெந்நீர் பீய்ச்சும். பின்னர் நாபா மகாராஜாவிடம் போய், இப்போது நெதர்லாந்தின் லௌமன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் அதன் புதுமை முழுவதும் அலங்காரத்தில் இருந்தது. நமது கேள்வி அதைத் தொடாது.

மற்றவை அப்படியல்ல. 1911இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் மில்டன் ரீவ்ஸ் எட்டுச் சக்கர ‘ஆக்டோஆட்டோ’வைக் கட்டியது, குண்டும் குழியுமான சாலையில் குலுக்கலைப் பங்கிட்டுக் குறைக்க. விலை 3,200 டாலர். வாங்க ஆளில்லை. 1914இல் ரஷ்யரான பியோத்தர் ஷிலோவ்ஸ்கிக்காக உல்ஸ்லி நிறுவனம் கட்டிய இருசக்கரக் கார், உள்ளே சுழலும் கனத்த சக்கரத்தின் பலத்தால் சாயாமல் நின்றது. லண்டன் தெருவிலும் ஓடிக்காட்டியது. பிரான்சின் மார்செல் லேயா, கிளட்ச், கியர்பெட்டி, ஆக்சில் இயக்கம் அனைத்தையும் ஒரே வீச்சில் தவிர்க்க நினைத்து, காரின் முகத்தில் விமான விசிறியைப் பொருத்தினார். அவருடைய ‘எலிகா’ சுமார் முப்பது வண்டிகளோடு நின்றுபோனது. இவை ஒவ்வொன்றும் ஒரு நிஜமான சிக்கலுக்குச் சொல்லப்பட்ட விடை. அந்தச் சிக்கல்களை நல்ல சாலையும் மேம்பட்ட டயரும் கியர்பெட்டியும் பிறகு வேறு வழியில் தீர்த்துவிட்டதால், அந்த விடைகள் தேவையற்றுப்போயின.

துளி வடிவத்தின் கதை வேறு. அது எடுத்துக்கொண்ட சிக்கலான காற்றுத்தடை அப்படியே இருந்தது. அது சொன்ன விடையும் இயற்பியல்படி சரியானது. அப்படியிருந்தும் அது நிலைக்கவில்லை. வாதம் இன்னும் தீராமல் இருப்பது அதனால்தான்.

வடிவம் வந்த வழி

காற்றைப் பற்றிய கவலை பந்தயத்தில் தொடங்கியது. 1899 ஏப்ரலில் பாரிசுக்கு அருகே அஷேரில் கமீல் ஜெனாட்சி ஓட்டிய ‘லா ஜமே கோந்தாந்த்’ என்ற மின்சார வண்டி, மணிக்கு 105.88 கி.மீ. தொட்டு, 100ஐக் கடந்த முதல் சாலை வாகனம் ஆனது. டார்பிடோ போன்ற உடல். ஆனால் ஓட்டுநர் இடுப்புக்கு மேல் வெளியே உட்கார்ந்திருந்தார். சக்கரங்களும் அடிச்சட்டமும் காற்றில் அப்பட்டமாகக் கிடந்தன. அன்றைய புரிதல் முகப்பைக் கூர்மையாக்குவதோடு நின்றிருந்தது.

1914இல் மிலான் நகரத்துப் பிரபு மார்க்கோ ரிக்கோட்டிக்காக கஸ்தாஞா பட்டறை, ஆல்ஃபா 40/60 சேசிஸின் மேல் அலுமினியத்தில் முழுதாக மூடிய துளி உடல் ஒன்றைக் கட்டியது. சாதாரண உடலோடு 125 கி.மீ. போன வண்டி, இந்த உடலோடு 139 கி.மீ. போனது. இன்ஜின் திறன் மாறவில்லை என்று வைத்துக்கொண்டால், காற்றுத்தடை கால் பங்குக்கு மேல் குறைந்திருக்க வேண்டும். பொறியியலாகப் பார்த்தால் இது பெரிய பலன். ஆனால் இன்ஜினும் பயணிகளும் ஒரே கூட்டுக்குள் இருந்ததையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும். சூடும் சத்தமும் அந்தப் பலனுக்குக் கொடுத்த விலை.

முதல் உலகப்போர் இந்தத் துறைக்குள் இரண்டு வகை ஆட்களைத் தள்ளியது. போரில் தோற்ற ஜெர்மனிக்கு விமானம் கட்டத் தடை வந்தது. விமானம் கட்டியவர்கள் காருக்கு வந்தார்கள், ரும்ப்ளர் அப்படி வந்தவர். பிரான்சின் கேப்ரியல் வோய்சானும் விமானத்தில் பெயர்பெற்றவர்தான். இன்னொரு பக்கம், செப்பலின் ஆகாயக் கப்பல் நிறுவனத்தில் காற்றுச் சுரங்கச் சோதனைகளில் தேர்ந்த பால் ஜாரே. காற்றில் தனியாக மிதக்கும் பொருளுக்கு உகந்த வடிவம், தரையை ஒட்டி ஓடும் பொருளுக்கு உகந்ததல்ல என்பதை முறைப்படி ஆராய்ந்தவர் அவர். தரைக்கு மேல் பாதித் துளியாக ஒரு கீழுடல், அதன்மேல் பயணிகளுக்கு இன்னொரு குறுகிய துளி என்ற அவருடைய அமைப்பே 1930களின் பல துளிக் கார்களுக்குத் தாய். செக்கோஸ்லோவாக்கியாவின் தாத்ரா நிறுவனம் அவருடைய உரிமத்தைப் பெற்றே 1934இல் டி77ஐக் கொண்டுவந்தது.

முதல் பதில்: மக்களுக்குப் பிடிக்கவில்லை

அதிகம் சொல்லப்படும் பதில் இது. இதன் பிறப்பிடம் கிரைஸ்லர் ஏர்ஃப்ளோ. கிரைஸ்லர் பொறியாளர் கார்ல் பிரீரும் அவருடைய சகாக்களும் காற்றுச் சுரங்கத்தில் மாதிரிகளைச் சோதித்து, அன்றைய கார்களைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்தால் காற்றுத்தடை குறைகிறது என்று கண்டதாகச் சொல்லப்படுகிறது. 1934இல் வெளிவந்த ஏர்ஃப்ளோ உண்மையிலேயே மேம்பட்ட வண்டி. இன்ஜினை முன் ஆக்சிலின் மேல் நகர்த்தி, பயணிகளை இரண்டு ஆக்சில்களுக்கும் நடுவே உட்காரவைத்தார்கள். குலுக்கல் பெருமளவு குறைந்தது. எஃகுக் கூண்டு போன்ற உடல் உறுதியாக இருந்தது. ஆனால் முகம்? நெட்டையான கிரில்லும் தனித்தனியாக நிற்கும் விளக்குகளும் பழகிய கண்ணுக்கு, அந்த வழிந்த முகம் ஒத்துவரவில்லை.

எண்களும் இதற்கு ஆதரவாகவே தெரிகின்றன. 1934இல் கிரைஸ்லரின் டி சோட்டோ பெயரில் ஏர்ஃப்ளோ மட்டுமே விற்கப்பட்டது. முந்திய ஆண்டு 22,000ஐத் தாண்டிய உற்பத்தி 14,000க்குக் கீழே இறங்கியது. 1935இல் அதே பெயரில் பழைய பாணி ‘ஏர்ஸ்ட்ரீம்’ பக்கத்தில் நிறுத்தப்பட்டபோது, வாங்கியவர்களில் பெரும்பான்மையோர் அதையே தேர்ந்தார்கள். நிறுவனம் ஏர்ஃப்ளோவின் முகத்துக்குக் கூரான கிரில் வைத்துப் பார்த்தது. பலனில்லை. 1937இல் நிறுத்திவிட்டார்கள்.

‘மிக நவீனம், ஆனாலும் ஏற்கத்தக்கது’ என்ற எல்லைக்குள் நிற்பவையே விற்கும் என்று வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவி பின்னாளில் வகுத்துச் சொன்ன கொள்கைக்கு ஏர்ஃப்ளோவைக் காட்டிலும் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஆனால் இந்தப் பதிலில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, ஏர்ஃப்ளோ 1934 ஜனவரிக் கண்காட்சியில் ஆர்வத்தைக் கிளப்பிவிட்டு, வாங்குபவர் கைக்கு மாதக்கணக்கில் தாமதமாகப் போனது. புது மாதிரியான உடலைக் கட்டத் தொழிற்சாலை தயாராகவில்லை. முதலில் வந்த வண்டிகளில் குறைகள் இருந்தன. வண்டி உருப்படாதது என்ற வதந்தி அந்த இடைவெளியில் வேரூன்றியது. முகம் பிடிக்காமல் விலகியவர்கள் எத்தனை, காத்திருந்து சலித்தவர்கள் எத்தனை, வதந்திக்கு அஞ்சியவர்கள் எத்தனை என்று விற்பனை எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது. இரண்டாவது ஓட்டை பெரியது. வடிவமைப்பாளர் ஜான் ஜார்டா வரைந்த துளிச் சாயலிலிருந்து பிறந்த லிங்கன் செஃபிர், 1936இல் வந்த முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 15,000 விற்றது. இன்ஜின் முன்னால், முகப்பு படகின் மூக்குப்போல் கூராக, பின்பக்கம் மட்டும் நன்றாக வழிந்து. இரண்டே ஆண்டுக்குள் அமெரிக்கர்களின் ரசனை தலைகீழாகிவிட்டது என்று சொல்வதைவிட, அவர்கள் மறுத்தது துளி வடிவத்தை அல்ல, ஒரு குறிப்பிட்ட முகத்தை என்று கொள்வது பொருத்தம்.

ஜப்பானின் டொயோட்டா ஏஏவும் ஸ்வீடனின் வோல்வோ பிவி36உம் ஏர்ஃப்ளோவின் சாயலை எடுத்துக்கொண்டதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாம் பதில்: வண்டியே சரியில்லை

ரசனை வாதத்தை வணிக எழுத்தாளர்கள் விரும்பினால், பொறியாளர்கள் விரும்புவது இதை. வடிவம் அழகாக இருந்தது, அடியில் இருந்த எந்திரம் காலை வாரியது என்பார்கள்.

ரும்ப்ளர் விஷயத்தில் இது பெரிதும் உண்மை. அவர் பொருத்தியது மூன்று வரிசையாக ஆறு சிலிண்டர் கொண்ட, 36 குதிரைத்திறன் இன்ஜின். பயணிகளுக்குப் பின்னால், பின் ஆக்சிலுக்கு முன்னால். அது அதிகம் சூடேறியது, பழுதுபட்டது. பெட்டி வைக்க இடமில்லை. வண்டியில் நல்லவையும் உண்டு. ஏற இறங்க வசதி, உயரமான கூரை, வளைந்த கண்ணாடி. அதனால் கணிசமான வண்டிகள் பெர்லினில் டாக்சியாக ஓடின. சொந்தத்துக்கு வாங்குவோர் குறைவு. சுமார் நூறு வண்டிகளோடு 1925இல் கதை முடிந்தது. ஃபிரிட்ஸ் லாங் எடுத்த ‘மெட்ரோபொலிஸ்’ படத்தில் எதிர்கால நகரத்தின் கார்களாக வந்தவையும் அழிக்கப்பட்டவையும் இவற்றில் சில. இன்று எஞ்சியவை இரண்டே: மியூனிக்கில் ஒன்று, பெர்லினில் ஒன்று.

அமெரிக்கர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் ‘டைமாக்ஸியன்’ இன்னும் கடுமையான பாடம். 1933–34இல் கட்டப்பட்ட மூன்று மாதிரிகளோடு நின்ற மூன்று சக்கர வண்டி. முன் சக்கரங்கள் இழுக்க, பின்னால் இருந்த ஒற்றைச் சக்கரம் படகின் சுக்கான்போல் திருப்பியது. தன் நீளத்துக்குள்ளேயே சுற்றித் திரும்பும் வித்தை பார்ப்பவர்களை அசத்தியது. ஆனால் பின்சக்கரத் திருப்பம் வேகத்தில் நிலைகுலையக்கூடியது, பக்கக்காற்று வந்தால் கேட்கவே வேண்டாம். 1933 அக்டோபரில் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அருகே நடந்த விபத்தில் அதன் ஓட்டுநர் இறந்தார். இன்னொரு கார் மோதியதே காரணம் என்று ஃபுல்லர் தரப்பு சொன்னது. முதலீட்டாளர்களின் நம்பிக்கை மீளவில்லை.

இந்தப் பதிலின் வலு அதிகம். ஆனால் இது இங்கேயே நின்றுவிடக்கூடாது. இத்தனை துளிக் கார்களிலும் அடியில் இருந்த எந்திரம் ஏன் ஒன்றுபோலவே காலை வாரியது? தற்செயலா?

இல்லை என்பதே என் கணிப்பு. துளியின் அகன்ற பகுதி முன்னால், ஒடுங்கும் வால் பின்னால். மனிதர்கள் அகன்ற இடத்தில் உட்கார்ந்தாக வேண்டும். அப்போது வாலுக்குள் மிஞ்சும் இடத்தில் இன்ஜினை வைக்கலாம் என்ற ஆசை இயல்பாக வரும். ரும்ப்ளர், ஆங்கிலேயர் டெனிஸ்டன் பர்னி, தாத்ராவின் ஹான்ஸ் லெட்விங்கா எல்லோரும் அந்த வழியே போனார்கள். எடை பின்னால் குவிந்தது. பின் சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடும் ஆக்சிலை அதோடு சேர்த்தார்கள். வளைவில் எடை தூக்கும்போது அந்தச் சக்கரம் உள்நோக்கி மடங்கும், வால் வெளியே வீசும். போதாததற்கு, ஒடுங்கிய வாலுக்குப் பக்கப்பரப்பு குறைவு. பக்கக்காற்று மூக்கைத் தள்ளும்போது எதிர்த்து நிறுத்தப் பின்னால் ஒன்றுமில்லை. ஆகாயக் கப்பலுக்கு வாலில் துடுப்புகள் இருப்பது இதனால்தான். தாத்ரா டி77இன் முதுகிலும் டி87இன் முதுகிலும் மீன் துடுப்புபோல் ஒரு தகடு நிற்பதும் இதனால்தான்.

ஆக, வடிவம் தனியாக வரவில்லை. குளிர்விக்கக் கடினமான பின் இன்ஜின், ஊசல் ஆக்சில், பழகாத ஓட்டும் தன்மை என்று ஒரு மூட்டையாக வந்தது. வாங்குபவரால் மூட்டையை ஒட்டுமொத்தமாக ஏற்கவோ மறுக்கவோ மட்டுமே முடிந்தது. துளி வடிவம் தோற்றது என்று நாம் எழுதும்போது, அந்த மூட்டையின் தோல்வியைத்தான் எழுதுகிறோம். வடிவம் தனியே விசாரிக்கப்பட்டது மிக அரிது.

மூன்றாம் பதில்: அன்றைய சாலையில் அது தேவைப்படவில்லை

காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தில் வளரும். அதைத் தாண்டத் தேவையான திறன் வேகத்தின் கனத்தில் வளரும். வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்கு, திறன் எட்டு மடங்கு. சுமார் 1,500 கிலோ எடையுள்ள, பெட்டி போன்ற அக்காலக் கார் ஒன்றைத் தோராயமாகக் கணக்கிட்டால், 40 கி.மீ. வேகத்தில் நல்ல சாலையிலும்கூடச் சக்கர உருளலின் தடையே காற்றுத்தடையைவிடப் பெரிது. 80 கி.மீ. வேகத்தில் காற்றுத்தடை உருளல் தடையைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டும். பிரிட்டனில் 1903 முதல் 1930 வரை சட்டம் அனுமதித்த உச்ச வேகம் மணிக்கு 20 மைல், அதாவது 32 கி.மீ. அதை எல்லோரும் மதித்தார்கள் என்பதல்ல. ஆனாலும் சரளைச் சாலையில் 40 கி.மீ. போகும் குடும்பத்துக்கு ரும்ப்ளரின் 0.28 எதைத் தந்திருக்கும்? ஏறத்தாழ ஒன்றுமில்லை.

இதோடு இன்னொரு விவரமும் சேரும். அமெரிக்காவில் 1919இல் விற்ற கார்களில் மூடிய உடல் கொண்டவை பத்தில் ஒன்றுதான். 1927இல் அது நூற்றுக்கு 85 ஆனது. மேலே திறந்த வண்டிக்குள் காற்று சுழன்றடிக்கும்போது வெளிவடிவத்தைச் செதுக்கி ஆவதென்ன?

பந்தயம் இந்த வாதத்துக்குத் தடையாக நிற்கிறது. அங்கே வேகம் இருந்தது, காற்றும் பொருட்படுத்தத்தக்கதாக இருந்தது. 1923இல் தூர் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் ப்ரீயில், விமான இறக்கையின் குறுக்குவெட்டுப் போன்ற புகாட்டி ‘டேங்க்’ ஒன்று மூன்றாவதாகவும், அதே நோக்கில் கட்டிய வோய்சான் ‘லபொரத்வார்’ ஒன்று ஐந்தாவதாகவும் வந்தன. அதே ஆண்டு மொன்ஸாவில், ரும்ப்ளரின் கருத்தைத் தழுவிய பென்ஸ் துளிக் கார்கள் நான்காவது, ஐந்தாவது. தூரில் வென்றது வழக்கமான உடல் கொண்ட சன்பீம். மொன்ஸாவில் வென்றது சூப்பர்சார்ஜர் பொருத்திய ஃபியட். காற்றைச் சமாதானப்படுத்துவதைவிட இன்ஜினுக்குள் அதிகக் காற்றை அழுத்திச் செலுத்துவது எளிதாகவும் நிச்சயமாகவும் இருந்தது. இங்கும் அந்த மூட்டைச் சிக்கல் உண்டு. புகாட்டி டேங்கின் சக்கர இடைவெளி 2 மீட்டர்தான். இறக்கை போன்ற உடல் வேகத்தில் மேலெழும்பப் பார்க்கும். வடிவத்தின் ஆதாயத்தை அதன் கையாளுமை தின்றுவிட்டிருக்கலாம்.

ஜெர்மனியில் 1935 முதல் ஆட்டோபான் எனும் விரைவுச் சாலைகள் திறக்கப்பட்ட பிறகு, மணிக்கணக்கில் 100 கி.மீ.யைத் தாண்டி ஓட வாய்ப்பு வந்தது. துளி வடிவத்துக்கான ஆர்வம் அங்கேயே மீண்டும் உயிர்பெற்றது இந்தப் பதிலுக்குக் கிடைக்கும் நல்ல சாட்சி.

நான்காம் பதில்: பிரஸ், டை, விலை

தொழில் வரலாற்றாசிரியர்கள் தொழிற்சாலைக்குள் பார்க்கச் சொல்வார்கள். ஃபோர்டு மாடல் டி 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி கட்டப்பட்டது. எட்வர்ட் பட் வளர்த்த எஃகுத் தகடு அழுத்தும் முறை உடல் கட்டும் தொழிலையே மாற்றியது. தகட்டுக்கு வடிவம் தரப் பிரஸ்சுக்குள் வைக்கும் டை என்ற அச்சு ஒன்றைச் செய்ய ஆகும் செலவு, அதிலிருந்து எத்தனை ஆயிரம் தகடு எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே கட்டுப்படியாகும். இரட்டை வளைவுள்ள ஆழமான தகட்டுக்கு டை கடினம், வளைந்த கண்ணாடி இன்னும் கடினம். நூறு வண்டி விற்கும் ரும்ப்ளரோ, ஒரு டஜன் வண்டி கட்டிய பர்னியோ அந்தச் செலவில் இறங்கவே முடியாது. அவர்கள் கையால் தட்டி வளைத்தார்கள். விலை ஏறியது, விலை ஏறியதால் எண்ணிக்கை ஏறவில்லை. பர்னியின் காரை வேல்ஸ் இளவரசர் வாங்கினார். அமெரிக்கர் வில்லியம் ஸ்டௌட்டின் ‘ஸ்கேராப்’ சுமார் 5,000 டாலர், கட்டியவை பத்துக்குள்.

இந்தப் பதிலுக்கு எதிராக ஃபோக்ஸ்வாகன் பீட்டிலைக் காட்டுவார்கள். பக்கமெல்லாம் வளைவு, பின்னால் இன்ஜின், இரண்டு கோடிக்கு மேல் விற்பனை. ஆனால் அது உருண்டையாகத் தெரிகிறதே தவிரக் காற்றுக்கு இசைந்ததல்ல. அதன் இழுவைக் குணகம் 0.48ஐ ஒட்டியது. வெளியே துருத்தும் மட்கார்டு, நிமிர்ந்த முன்கண்ணாடி, குட்டையான வால். கண் சொல்வதும் காற்று சொல்வதும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வண்டி இல்லை. சமூகவியலாளர் டேவிட் கார்ட்மேன் போன்றவர்கள் அமெரிக்கக் கார் வடிவமைப்பைப் பற்றி முன்வைத்த விமர்சனமும் இதற்குப் பக்கத்தில் வருகிறது: 1930களின் இரண்டாம் பாதியில் துளி ஒரு பாணியானது, அடியில் இருப்பதை மறைக்கும் போர்வையானது. காற்றோடு எந்த உறவும் இல்லாத குளிர்சாதனப் பெட்டிக்கும் பென்சில் சீவிக்கும்கூட அந்த வளைவு வந்தது.

ஐந்தாம் பதில்: தடம் விழுந்துவிட்டது

1970களில் மேலாண்மை ஆய்வாளர்களான வில்லியம் ஆபர்னாத்தியும் ஜேம்ஸ் அட்டர்பாக்கும் ‘ஆதிக்க வடிவமைப்பு’ என்ற கருத்தை வைத்தார்கள். தொடக்கத்தில் பல வடிவங்கள் போட்டியிடும், ஒன்று நிலைபெற்றதும் மற்றவை ஒதுங்கும், அதன்பின் புதுமை என்பது உருவத்தைவிட்டு உற்பத்தி முறைக்குள் போய்விடும். பொருளாதார வரலாற்றாசிரியர் பால் டேவிட் 1985இல் தட்டச்சு விசைப்பலகையை வைத்து, தொடக்கத் தற்செயல்கள் நீண்டகாலத் தடமாவதை விளக்கினார். காரில் அந்தத் தடம், 1891இல் எமில் லெவாசோர் பானார் கார்களில் நிறுவிய அமைப்பு: முன்னால் இன்ஜின், நடுவில் கியர்பெட்டி, பின் சக்கரத்துக்கு இயக்கம்.

இந்தத் தடம் முன்கூட்டியே எழுதப்பட்டதல்ல. அமெரிக்காவில் 1900இல் தயாரான 4,192 கார்களில் நீராவி வண்டிகள் 1,681, மின்சார வண்டிகள் 1,575, பெட்ரோல் வண்டிகள் வெறும் 936. சென்னையில் 1903இல் சிம்ப்சன் நிறுவனத்தின் சாமுவேல் ஜான் கிரீன் கட்டியதும் நீராவிக் கார்தான். பத்தாண்டுக்குள் எல்லாம் மாறியது.

தட வாதத்தின் குறை, அது எதையும் விளக்கிவிடும் என்பதே. வென்றது ஏன் என்றால் தடம், தோற்றது ஏன் என்றால் தடம். ஆனால் தடத்தை உடைத்தவர்கள் உண்டு. 1922இல் லான்சியா லாம்டா தனிச் சேசிஸை ஒழித்து, முன்சக்கரங்களுக்குத் தனித்தனி ஸ்பிரிங் வைத்தது. 11,000 வண்டிகள் விற்றன. 1934இல் சித்ரோயன் த்ராக்சியோன் ஆவான் இன்ஜின் இயக்கத்தை முன் சக்கரத்துக்குக் கொடுத்தது. அந்தச் செலவில் நிறுவனம் திவாலாகி மிஷலின் நிறுவனத்தின் கைக்குப் போனாலும், கார் 1957 வரை ஓடி ஏழரை லட்சத்தைக் கடந்தது. அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர், 1923இல் தூரில் வோய்சான் காரை ஓட்டி ஐந்தாவதாக வந்த ஆந்த்ரே லெஃபேவ்ர்.

சமூகவியலாளர்களான டிரெவர் பிஞ்ச், வீபே பைக்கர் இருவரும் 1984இல் சைக்கிளை வைத்து எழுதியது வேறு கோணம். ஒரே பொருளை வெவ்வேறு கூட்டம் வெவ்வேறு பொருளாகப் பார்க்கிறது என்றார்கள். ரும்ப்ளருக்கு இது நன்றாகப் பொருந்தும். டாக்சிக்காரருக்கு அது சுலபமாக ஏறி இறங்கும் வண்டி, குடும்பக்காரருக்குப் பெட்டி வைக்க இடமில்லாத வண்டி, பொறியாளருக்குக் காற்றை வென்ற வண்டி. எந்தக் கூட்டத்தின் சொல் எடுபட்டது என்று பார்க்க இந்த அணுகுமுறை உதவும். ஆனால் சூடேறும் இன்ஜின் எந்தக் கூட்டத்தின் பார்வைக்கும் சூடாகவே இருந்தது என்பதையும் விட்டுவிடக்கூடாது.

அரசியலும் நினைவும்

ரும்ப்ளர் யூதர். 1933இல் நாஜிகள் அவரைச் சிறையில் அடைத்தார்கள். விடுதலையானாலும் தொழில் வாழ்க்கை அத்தோடு அழிந்தது. 1940இல் இறந்தார். ஜாரேயும் யூதக் குடும்பத்தில் பிறந்தவர், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்தார். லெட்விங்கா போருக்குப் பின் செக்கோஸ்லோவாக்கியச் சிறையில் 1951 வரை இருந்தார். துளிக் காரை அரசியல் கொன்றது என்ற எண்ணம் இந்த வாழ்க்கைகளிலிருந்து வருகிறது. வரிசையைப் பார்த்தால் அது நிற்காது. ரும்ப்ளர் கார் 1925இலேயே முடிந்துவிட்டது. ஆனால் யார் நினைவில் நின்றார்கள், யாருக்குப் பெருமை போய்ச் சேர்ந்தது என்பதை அரசியல் நிச்சயமாகத் தீர்மானித்தது. அந்த அநீதியை இந்தத் துறையில் எழுதுவோர் சொல்லாமல் விடக்கூடாது.

தோற்கவே இல்லை என்போர்

ஷ்டுட்கார்ட் ஆய்வு நிறுவனத்தின் வூனிபால்ட் காமும், அவரோடு சேர்த்துச் சொல்லப்படும் கோனிக்-ஃபாக்சன்ஃபெல்டும் 1930களில் ஓர் உண்மையைக் கண்டார்கள். துளியின் வாலை முனைவரை இழுக்க வேண்டியதில்லை. காற்று உடலை விட்டுப் பிரியும் இடத்துக்குச் சற்றுமுன் வெட்டிவிட்டாலும் ஆதாயத்தின் பெரும்பகுதி கிடைக்கிறது. நீண்ட வால் போனால் எடை குறையும், நிறுத்த இடம் கிடைக்கும், பெட்டி வைக்க டிக்கியும் கிடைக்கும். இன்ஜினைப் பின்னால் தள்ளவேண்டிய ஆசையும் போய்விடும். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் பெட்ரோல் விலை வடிவத்தைக் கவனிக்க வைத்தது. 1982இல் ஆடி 100, முன்னால் இன்ஜினோடும் சாதாரணக் குடும்பக் காரின் தோற்றத்தோடும் 0.30ஐத் தொட்டது. துளி தோற்கவில்லை, கரைந்து எல்லாக் காருக்குள்ளும் போனது என்பது இவர்கள் வாதம்.

ஈர்க்கும் வாதம், கொஞ்சம் வசதியான வாதமும்கூட. ரும்ப்ளரிடமிருந்து ஆடிக்கு நேர்க்கோடு போட முடியாது. ஒரே இயற்பியலை இரண்டு காலத்தில் இரண்டு கூட்டம் தனித்தனியே கண்டடைந்திருக்கலாம். ஆனால் மூட்டையைப் பிரித்தபோதுதான் வடிவம் பிழைத்தது என்ற உண்மையை இது உறுதிசெய்கிறது.

திறந்திருப்பவை

முதலில், எண்களை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். தாத்ரா டி77க்குச் சொல்லப்படும் 0.212, ஐந்தில் ஒரு பங்கு அளவு மாதிரியில் எடுத்தது. அதன் தம்பியான டி87இன் முழு வண்டியை 1979இல் அளந்தபோது கிடைத்தது 0.36. மாதிரிக்கு ரேடியேட்டர் துளை இல்லை, கதவிடுக்கு இல்லை, அடியில் குழாய்கள் இல்லை. அக்கால மாதிரி எண்களையும் பிற்கால முழுவண்டி எண்களையும் ஒரே பட்டியலில் போட்டு வியப்பது தவறு. மேலும், உயரமான ரும்ப்ளரின் முகப்புப் பரப்பு பெரிது. காற்றுத்தடை என்பது குணகமும் பரப்பும் பெருக்கிய தொகை. 0.28 மட்டும் பாதிக் கதை.

இரண்டாவது, பதில்களின் எடை வண்டிக்கு வண்டி மாறுகிறது. ஏர்ஃப்ளோவுக்கு முகமும் தாமதமும் காரணம் என்பது ஏற்கத்தக்கது. ரும்ப்ளருக்கு எந்திரமும் விலையும். பர்னிக்கும் ஸ்டௌட்டுக்கும் பெரும்பாலும் விலை. இவை எல்லாவற்றையும் ஒரே தோல்வியாகக் கோக்கும் எழுத்து, முதல் வண்டியின் காரணத்தைக் கடைசி வண்டிக்கும் ஒட்டிவிடுகிறது.

மூன்றாவது கேள்விக்கு முழு விடை கிடைக்க வழியே இல்லை: பழகிய எந்திரத்தோடு, கட்டுப்படியாகும் விலையில், வேகமான சாலையில் துளி வடிவம் மட்டும் தனியே வந்திருந்தால்? ஒரு சிறு சோதனை நடந்தது. கார்ல் யென்ஷ்கே, ஆஸ்திரியாவின் ஷ்டைர் நிறுவனத்துக்காக முன் இன்ஜினோடு வரைந்த சின்ன ஷ்டைர் 50, 1936 முதல் அதன் அடுத்த வடிவத்தோடு சேர்த்து சுமார் 13,000 விற்றது. பிறகு அவர் ஜெர்மனியின் ஆட்லர் நிறுவனத்துக்காக வரைந்த 2.5 லிட்டர் கார் 1937இல் வந்தது. முன்னால் இன்ஜின், பின்னால் வழியும் கூரை. மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘ஆட்டோபான்’. ஐந்தாயிரத்தைச் சற்றுத் தாண்டிய நிலையில், 1940இல் போர் அதன் உற்பத்தியை நிறுத்தியது.